மிக நீர்த்த மாதிரியிலிருந்து டிஎன்ஏ, ஆர்என்ஏ மீட்க எந்த வழி? வேலூர்ப் பக்கத்து ஆய்வகங்களுக்கு ஓர் ஒப்பீடு

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இன்று மூன்றாகப் பிரிந்திருக்கும் பகுதியின் கல்லூரிகளில் நுண்ணுயிரியலும் உயிர்தொழில்நுட்பமும் படிக்கும் மாணவர்கள், புராஜெக்ட் செய்யும் மாதங்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சாக்கடை நீரிலிருந்தோ ரத்தப் பிளாஸ்மாவிலிருந்தோ டிஎன்ஏ எடுத்திருப்பார்கள். அளந்து பார்த்தால் கருவி பூஜ்யத்தை ஒட்டி ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். இதைச் செறிவாக்கி மீட்க ஆல்கஹால் போதுமா, சிலிக்கா கிட் வாங்க வேண்டுமா, காந்த மணிகள் நல்லதா, வேக்யூமில் உலர்த்திவிடலாமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதிரி சுத்தமாக இருந்து ஒரு மில்லிலிட்டருக்குள் அடங்கினால், கேரியர் (டிஎன்ஏவைத் தன்னோடு கீழே இழுத்துவரும் துணைப்பொருள்) சேர்த்த ஆல்கஹால் வீழ்படிவை மிஞ்ச நம் ஊர்க் கல்லூரி ஆய்வகத்தில் வேறு முறை இல்லை. மாதிரியில் அழுக்கு இருந்தால் சிலிக்கா. சீக்வென்சிங் நூலகம் (வரிசையை வாசிக்கும் கருவிக்கான டிஎன்ஏ துண்டுத் தொகுப்பு) தயாரிக்கும் இடத்தில் மணிகள். மற்றவை குறிப்பிட்ட சில தேவைகளுக்கு மட்டும். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் கணக்கும் வேதியியலும் வேண்டும்.

எதை வைத்து ஒப்பிடுவது?

கிட் விற்பவர்கள் மீட்பு விழுக்காட்டைப் பெரிதாகப் போடுவார்கள். நீர்த்த மாதிரியில் அந்த ஒரு எண்ணை வைத்து முடிவெடுத்தால் தவறான முறையில் போய் நிற்போம். தேடும் மரபணுவைப் பல மடங்காகப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் வினையின் ஒரு குழிக்குள் எத்தனை பிரதிகள் போய்ச் சேருகின்றன என்று பார்க்க வேண்டும்.

மாதிரி முழுவதிலும் நாம் தேடும் மரபணுவின் 20 பிரதிகள்தான் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் முறை ஒன்றைக்கூட இழக்காமல் அந்த 20ஐயும் 100 மைக்ரோலிட்டரில் கரைத்துத் தருகிறது. அதிலிருந்து 5 மைக்ரோலிட்டர் எடுத்துப் பிசிஆர் போட்டால் குழிக்குச் சராசரியாக 1 பிரதி. பாய்சான் கணக்குப்படி அந்தக் குழியில் ஒரு பிரதிகூட விழாமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 37 விழுக்காடு. இரண்டாவது முறை பாதியைத் தொலைத்துவிடுகிறது, ஆனால் மிஞ்சிய 10 பிரதிகளை 20 மைக்ரோலிட்டரில் தருகிறது. அதே 5 மைக்ரோலிட்டரில் இப்போது சராசரி 2.5 பிரதி. வெறும் குழி வரும் வாய்ப்பு 8 விழுக்காடாக இறங்கிவிடுகிறது. பாதியை இழந்த முறைதான் இங்கே ஜெயிக்கிறது. ஆகவே கடைசியில் எவ்வளவு கன அளவில் கரைக்கிறோம் என்பது மீட்பு விழுக்காட்டுக்குச் சமமாக முக்கியம். ஒவ்வொரு முறையையும் இந்த இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

கருவியின் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. டைபாய்டு கிருமியின் மரபுத்தொகுதி சுமார் 48 லட்சம் காரச்சோடிகள் நீளம். ஒரு கிருமியின் டிஎன்ஏ எடை 5 ஃபெம்டோகிராம் அளவில் வரும். ஆயிரம் கிருமிகள் இருந்தாலும் மொத்தம் 5 பிகோகிராம்தான். அதை 50 மைக்ரோலிட்டரில் கரைத்தால் மைக்ரோலிட்டருக்கு 0.1 பிகோகிராம். டிஎன்ஏ அளக்கும் நானோடிராப் கருவி நம்பும்படி அளக்கத் தொடங்கும் இடம் மைக்ரோலிட்டருக்கு 2 நானோகிராம். அதாவது நம் மாதிரி அதன் கண்ணுக்கு எட்டும் எல்லைக்கு இருபதாயிரம் மடங்கு கீழே இருக்கிறது. ஆனால் ஆயிரம் பிரதிகள் பிசிஆருக்குத் தாராளம். கருவி பூஜ்யம் காட்டியதென்று மாதிரியைக் கொட்டிவிடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அந்தப் பழக்கம் எனக்கு மனவருத்தம் தரும் விஷயம். ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த பிளாஸ்மா மறுபடி கிடைக்காது.

இது வெறும் பாடப்புத்தகக் கணக்கும் அல்ல. வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2021-22இல் நகரின் கழிவுநீரில் டைபாய்டு கிருமியின் மரபுத்தடத்தைத் தேடினார்கள். சாக்கடைக்குள் துணிச்சுருளைத் தொங்கவிட்டு ஊறவைத்து எடுக்கும் மூர் ஸ்வாப் முறையும் அதில் உண்டு. எந்தத் தெருவில் நோய் சுற்றுகிறது என்பதை ஆள் ஆளாக ரத்தம் எடுக்காமல் சொல்ல முடியும் என்றால், அது இத்தனை குறைந்த டிஎன்ஏவை இழக்காமல் கையாளுவதில்தான் நிற்கிறது.

ஆல்கஹால் வீழ்படிவு

டிஎன்ஏவின் முதுகெலும்பு முழுக்க எதிர்மின்னூட்டம் கொண்ட பாஸ்பேட். நீரில் அது சுகமாகக் கரைந்திருக்கும். உப்பு சேர்த்தால் சோடியம் அயனிகள் அந்த மின்னூட்டத்தைச் சரிக்கட்டப் பார்க்கும், ஆனால் நீர் குறுக்கே நின்று தடுக்கும். எத்தனால் சேர்த்ததும் நீரின் அந்தத் தடுப்புச் சக்தி குறைகிறது, சோடியம் பாஸ்பேட்டை நெருங்கிப் பிடிக்கிறது, இழைகள் ஒன்றையொன்று தள்ளாமல் ஒன்றுசேர்ந்து கீழே இறங்குகின்றன. வழக்கமான அளவு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: மாதிரியில் பத்தில் ஒரு பங்கு 3 மோலார் சோடியம் அசிட்டேட், பி.எச். 5.2, அப்புறம் இரண்டு முதல் இரண்டரை மடங்கு எத்தனால்.

இங்கே பல ஆய்வகங்களில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. மாதிரி நீர்த்தது என்றால் உடனே மைனஸ் 80இல் இரவு முழுக்க வைத்துவிடுவார்கள். குளிரில் எத்தனால் கலவை தடித்துப்போகும். தடித்த திரவத்தில் நுண்ணிய துகள் மெதுவாகத்தான் இறங்கும். உப்பும் கூடவே படியத் தொடங்கும். நீர்த்த மாதிரியில் மீட்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சென்ட்ரிஃபியூஜில் எவ்வளவு நேரம், எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறோம் என்பதுதான். பனிக்கட்டியில் அரை மணி நேரம் வைத்தால் போதும். அதற்குப் பிறகு 4 டிகிரியில், கருவி தரும் அதிகபட்ச வேகத்தில், குறைந்தது 30 நிமிடம் சுற்றுங்கள். ஐந்து நிமிடச் சுற்று, டிஎன்ஏ தாராளமாகக் கிடைக்கும் மினிபிரெப்புக்கு (பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிட் எடுக்கும் வேலை) சரி, இதற்கு ஆகாது. கேரியர் இல்லாமலேயே ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் அளவு வரை இப்படி வீழ்படிவாக்கி எடுக்க முடியும். அதற்குக் கீழே போகும்போதுதான் கேரியர் கட்டாயமாகிறது. துண்டுகள் 100 காரச்சோடிக்கும் குறைவாக இருந்தால் 0.01 மோலார் மக்னீசியம் குளோரைடு சேர்ப்பது உதவும்.

இன்னொரு இடத்தில் இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. சாய்ந்த ரோட்டரில் டிஎன்ஏ முழுவதும் அடியில் பொட்டாகச் சேராது. டியூபின் வெளிப்பக்கச் சுவரில் ஒரு தடமாகப் பூசிக்கொண்டு இறங்கும். அடியில் தெரிவதை மட்டும் கரைத்தால் பாதி வரை சுவரிலேயே தங்கிவிடக்கூடும். டியூபை வைக்கும்போது மூடியின் கீல் எப்போதும் வெளிப்பக்கம் இருக்கும்படி வையுங்கள். பெல்லட் (படிந்து ஒட்டிய டிஎன்ஏ) எந்தப் பக்கம் என்பது அப்போது தெரிந்துவிடும். கரைக்கும் துளியை அந்தச் சுவர் முழுக்க ஓடவிட்டுக் கழுவி எடுங்கள். 20 மைக்ரோலிட்டரில் கரைப்பதென்றால் இது ஒன்றே பெரிய வித்தியாசம் தரும். மேல் திரவத்தைக் கவிழ்த்துக் கொட்டக் கூடாது. நுண்ணிய டிப்பால் பெல்லட்டுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து உறிஞ்ச வேண்டும். 70 விழுக்காடு எத்தனாலில் கழுவிய பிறகும் மறுபடி 10 நிமிடம் சுற்ற வேண்டும், ஏனென்றால் கழுவும்போது பெல்லட் இடம்பெயர்ந்திருக்கும்.

எத்தனாலா ஐசோபுரொப்பனாலா என்பது நம் ஊரில் அறிவியலைத் தாண்டிய கேள்வியும்கூட. சுத்த எத்தனால் வாங்கி வைப்பதற்கு மதுவிலக்கு ஆயத்தீர்வை அனுமதி வேண்டும். சிறிய கல்லூரித் துறைகள் அந்தக் காகித வேலைக்குப் பயந்தே ஒரு பாட்டிலை ஆண்டுக்கணக்கில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும். ஐசோபுரொப்பனாலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மாதிரிக்குச் சம அளவு, அல்லது அதில் முக்கால் பங்கு சேர்த்தாலே போதும் என்பதால் 800 மைக்ரோலிட்டர் மாதிரியையும் ஒரே 2 மில்லி டியூபில் முடிக்கலாம். எத்தனால் என்றால் அதே மாதிரியை இரண்டு டியூபாகப் பிரிக்க வேண்டும், இரண்டு சுவர், இரண்டு இழப்பு. ஐசோபுரொப்பனாலின் குறை, உப்பைக் கூடவே இழுத்துவரும், சீக்கிரம் ஆவியாகாது, பெல்லட் கண்ணாடி போலத் தளர்வாக ஒட்டியிருக்கும். அறை வெப்பத்திலேயே செய்து, பிறகு 70 விழுக்காடு எத்தனாலில் ஒருமுறைக்கு இருமுறை கழுவினால் இந்தக் குறையைச் சமாளிக்கலாம். எத்தனால் செலவு கழுவுவதற்கு மட்டும் என்று சுருங்கிவிடும். மாதிரி 500 மைக்ரோலிட்டரைத் தாண்டினால் நான் ஐசோபுரொப்பனாலைத்தான் பரிந்துரைப்பேன், அதற்குக் கீழே எத்தனால்.

ஒரு எச்சரிக்கை. மாதிரி பாஸ்பேட் பஃபரில் இருந்தால் ஆல்கஹால் சேர்த்ததும் பாஸ்பேட் உப்பே வெள்ளையாக வந்து விழும். பெரிய பெல்லட்டைப் பார்த்து மகிழ வேண்டாம், அது டிஎன்ஏ அல்ல.

எந்தக் கேரியர்?

கேரியர் தேர்வுதான் இந்த ஒப்பீட்டின் உயிர்நாடி என்று நினைக்கிறேன். மிகக் குறைந்த டிஎன்ஏ தனியாக ஒன்றுசேர்ந்து கீழே வராது. ஆல்கஹாலில் படியும் வேறொரு நீள மூலக்கூறு இருந்தால் அதன் வலையில் சிக்கிக் கீழே வரும். மூன்று பேர் களத்தில் இருக்கிறார்கள்: ஈஸ்ட் டிஆர்என்ஏ, கிளைகோஜன், நேரியல் பாலிஅக்ரிலமைடு.

டிஆர்என்ஏ மலிவு, நன்றாகவும் வேலை செய்யும், மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் போதும். ஆனால் அதுவே ஒரு நியூக்ளிக் அமிலம். நியூக்ளிக் அமிலத்தை அளக்கும் 260 நானோமீட்டர் ஒளியில் அளந்தால் கேரியரைத்தான் அளப்போம். டிஎன்ஏ நுனியில் பாஸ்பேட் ஒட்டும் கைனேஸ் போன்ற நொதிகள் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஆர்என்ஏ நூலகம் தயாரிப்பதென்றால் வாசிப்புகளில் பெரும்பகுதி ஈஸ்டுக்கே போய்விடும். குறிப்பிட்ட ஒரு மரபணுவைப் பிசிஆரில் தேடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

கிளைகோஜன் பலருக்கும் பிடித்தது. மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் கரைசலில் ஒரு மைக்ரோலிட்டர் விட்டால் பெல்லட் வெள்ளையாகக் கண்ணில் படும். நீலச்சாயம் கோத்த கிளைகோஜனும் விற்கிறார்கள், முதன்முறை செய்பவருக்கு அது பெரிய தைரியம். பிசிஆரைத் தடுக்காது. குறை அதன் பிறப்பில் இருக்கிறது. கிளைகோஜனைப் பெரும்பாலும் சிப்பி வகை உயிர்களிலிருந்து எடுக்கிறார்கள். அதில் மிக நுண்ணிய அளவில் பாக்டீரியா டிஎன்ஏ ஒட்டிக்கொண்டு வருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மனித மரபணு ஒன்றைத் தேடுபவருக்கு அதனால் பாதிப்பில்லை. பாலாற்றங்கரைக் கிணற்று நீரில் என்னென்ன பாக்டீரியா இருக்கிறது என்று எல்லா பாக்டீரியாவிலும் உள்ள 16எஸ் மரபணுவை வைத்துத் தேடுபவருக்கு அது பெரும் ஆபத்து. மாதிரியில் உள்ளதைவிடக் கேரியரில் உள்ளது அதிகமாகிவிடும்.

நேரியல் பாலிஅக்ரிலமைடு முழுக்கச் செயற்கை. உயிரிலிருந்து வருவதில்லை, ஆகவே டிஎன்ஏ கலப்புக்கு வழி மிகக் குறைவு. பிகோகிராம் அளவு டிஎன்ஏவையும் இழுத்துவரும் என்று 1990இலேயே காட்டிவிட்டார்கள். 260 நானோமீட்டர் அளவீட்டையும் கெடுக்காது. மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் போதும். பெல்லட் மட்டும் அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது, கீல் பக்கத்தை நம்பித்தான் வேலை செய்ய வேண்டும்.

இதில் கல்லூரிகளுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. இதை நாமே செய்துகொள்ளலாம். புரோட்டீன் ஜெல் ஓட்டும் எந்த ஆய்வகத்திலும் அக்ரிலமைடு, அமோனியம் பர்சல்பேட், டெமெட் மூன்றும் இருக்கும். இழைகளைக் குறுக்கே பிணைக்கும் பிஸ்-அக்ரிலமைடு (பிஸ்) சேர்க்காத 5 விழுக்காடு அக்ரிலமைடை, டிரிஸ்ஸும் சோடியம் அசிட்டேட்டும் சிறிது இடிடிஏவும் (மக்னீசியம் போன்ற உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் பொருள்) உள்ள பஃபரில் எடுத்து, நூறில் ஒரு பங்கு 10 விழுக்காடு பர்சல்பேட்டும் ஆயிரத்தில் ஒரு பங்கு டெமெட்டும் விட்டு அரை மணி வைத்தால் கொழகொழவென்று இறுகும். பிஸ் இல்லாததால் ஜெல்லாகாது, நீண்ட இழைகளாக நிற்கும். அதை இரண்டரை மடங்கு எத்தனாலில் படியவைத்து, சுற்றி எடுத்து, முதல் கன அளவைப் போல 20 மடங்கு டிஇ (டிரிஸ்-இடிடிஏ) பஃபரில் கரைத்தால் மில்லிலிட்டருக்கு 2.5 மில்லிகிராம் கேரியர் தயார். பல ஆண்டுப் புராஜெக்டுகளுக்கு ஒரு தொகுதி போதும். இணையாத அக்ரிலமைடு நரம்புக்கு நஞ்சு என்பதால் கையுறை இல்லாமல் தொடவே கூடாது. என் தேர்வு இதுதான், தயக்கமில்லாமல்.

சிலிக்கா கிட்

குவானிடின் உப்பு அதிகமாக இருக்கும்போது டிஎன்ஏ கண்ணாடித்தூளில் ஒட்டும், உப்பு குறைந்ததும் விடும். 1990இல் குவானிடின் தயோசயனேட்டையும் சிலிக்காவையும் சேர்த்து நேரடியாக நோயாளி மாதிரியிலிருந்து எடுக்கும் முறை வந்த பிறகு மருத்துவ ஆய்வகங்கள் முழுக்க இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. அதற்குக் காரணமும் நியாயமானது. புரோட்டீன், நொதித் தடுப்பான்கள் எல்லாம் கழுவிப் போய்விடும், யார் செய்தாலும் ஏறக்குறைய ஒரே முடிவு வரும்.

நீர்த்த மாதிரியில் இரண்டு குறைகள். சவ்வில் சில இடங்கள் டிஎன்ஏவைப் பிடித்தால் விடவே விடாது. மைக்ரோகிராம் கணக்கில் இருக்கும்போது அது பொருட்டில்லை, பிகோகிராமில் அதுவே எல்லாம். இதற்காகத்தான் வைரஸ் ஆர்என்ஏ கிட்டுகளில் பாலி-ஏ கேரியர் ஆர்என்ஏ தருகிறார்கள். அது முதலில் போய் அந்த இடங்களை நிரப்பிவிடும். பரவலாகப் பயன்படும் ஒரு வைரஸ் கிட்டில் 140 மைக்ரோலிட்டர் மாதிரிக்கு 5.6 மைக்ரோகிராம் கேரியர். அந்தச் சின்னக் குப்பியைக் கரைக்கச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். ஆனால் பாலி-ஏ இருக்கும்போது பாலி-ஏவில் ஒட்டும் ஓலிகோ-டிடி பிரைமரால் (வினையைத் தொடங்கும் சிறு இழை) சிடிஎன்ஏ, அதாவது ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகல், செய்யக் கூடாது, பிரைமர் முழுக்கக் கேரியரிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டாவது குறை, எடுக்கும் கன அளவு. சாதாரண சவ்வு நனையவே 30 முதல் 50 மைக்ரோலிட்டர் வேண்டும். மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். 10 மைக்ரோலிட்டரில் எடுக்கக்கூடிய சிறு சவ்வுக் கிட்டுகள் தனியாக இருக்கின்றன, வாங்குவதென்றால் அதை வாங்குங்கள். எடுக்கும் பஃபரைச் சூடாக்கி, சவ்வின் நடுவில் விட்டு, இரண்டு நிமிடம் வைத்துச் சுற்றுங்கள். வெளிவந்த அதே துளியை மறுபடி சவ்வில் விட்டு இன்னொருமுறை சுற்றினால் கன அளவு கூடாமல் இன்னும் கொஞ்சம் வரும். பிளாஸ்மாவில் மிதக்கும் டிஎன்ஏ ஏறக்குறைய 166 காரச்சோடி நீளம், ஒரு மில்லிலிட்டரில் சில நானோகிராம்தான். அதற்குச் சிறு துண்டுகளையும் பிடிக்கும் என்று சொல்லியிருக்கிற கிட்டைத்தான் பயன்படுத்த வேண்டும்.

கழிவுநீர் ஆய்வகத்தில் மேசையை பிளீச்சால் துடைப்பது வழக்கம். குவானிடின் உள்ள கழிவில் பிளீச் பட்டால் நச்சு வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே வாளியில் கொட்டாதீர்கள், மாணவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

தோல் தொழிற்சாலைப் பக்கத்து நீர்

நம் பகுதிக்கே உரிய பிரச்சினை இது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்துக் கால்வாய், கிணறு, ஏரி மாதிரிகளில் உப்பு மிக அதிகம், குரோமியமும் வரலாம். தாவரப் பொருளால் பதனிடும் இடங்களில் டானின் கலக்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தோலைப் பதனிடுவதற்குக் காரணமான அதே பாலிஃபீனால்கள் பிசிஆர் நொதியையும் பிடித்துக் கட்டிப்போடும். ஆல்கஹால் இவற்றை விலக்காது. மட்கிய மண்ணின் ஹியூமிக் பொருள்களையும் சர்க்கரைக் கூழையும்கூட டிஎன்ஏவோடு சேர்த்துப் படியவைக்கும். பெல்லட் பழுப்பாக வந்தால் அதுதான் காரணம். செறிவாக்கும்போது தடுப்பானையும் சேர்த்துச் செறிவாக்கிவிடுகிறோம்.

இங்கே சிலிக்காதான், அதுவும் தடுப்பான் நீக்கும் படி சேர்ந்த மண் அல்லது கழிவுநீர்க் கிட். கையில் கிட் இல்லையென்றால் கரையாத பாலிவினைல்பாலிபிரோலிடோனில் ஒருமுறை கலந்து சுற்றி மேல் நீரை எடுத்த பிறகு வீழ்படிவாக்கலாம், பாலிஃபீனால் பெருமளவு அதில் ஒட்டிக்கொள்ளும். பிசிஆர் கலவையில் மைக்ரோலிட்டருக்கு 0.1 முதல் 0.4 மைக்ரோகிராம் போவைன் சீரம் அல்புமின் சேர்ப்பதும் நன்றாகக் கைகொடுக்கும். தடுப்பான் இருக்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழி, எடுத்த டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டுவது. தடுப்பான் இல்லையென்றால் சிடி மதிப்பு (பிசிஆரில் சிக்னல் தெரியத் தொடங்கும் சுழற்சி எண்) 3.3 சுழற்சி தள்ளிப்போக வேண்டும். ஒரே ஒரு சுழற்சி தள்ளிப்போனாலோ, முன்னால் வந்துவிட்டாலோ, உங்கள் பிரச்சினை மீட்பு அல்ல, அழுக்கு. பிரதிகள் மிகக் குறைவாக இருக்கும் மாதிரியில் நீர்த்தால் ஒன்றுமே வராது என்பதால், இந்தச் சோதனைக்குத் தெரிந்த அளவு அந்நிய டிஎன்ஏவைக் கலந்து பார்ப்பது நம்பகமானது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

காந்த மணிகள்

பாலிஎத்திலீன் கிளைக்காலும் உப்பும் சேர்ந்து டிஎன்ஏவை மணிகளின் மேல் தள்ளும். மாதிரிக்கு 1.8 மடங்கு மணிக்கரைசல் சேர்த்தால் 100 காரச்சோடிக்கு மேற்பட்டவை தங்கும், விகிதத்தைக் குறைத்தால் சிறியவை போய்விடும். 10 முதல் 15 மைக்ரோலிட்டரில் எடுக்கலாம், அது பெரிய பலம். பிரைமர்கள் தமக்குள் ஒட்டி உருவாகும் டைமரை விலக்கவும், நூலகத் துண்டுகளின் நுனியில் ஒட்டும் அடாப்டரில் மிஞ்சியதைக் கழிக்கவும் இதைவிடச் சிறந்தது இல்லை.

ஆனால் ஒரு மில்லிலிட்டர் நீர்த்த மாதிரிக்கு 1.8 மில்லி மணிக்கரைசல் என்பது கட்டுப்படியாகாது. அவ்வளவு கன அளவில் காந்தத்துக்கு எல்லா மணிகளும் வந்து சேர நேரமும் பிடிக்கும், பொறுமையில்லாமல் திரவத்தை எடுத்தால் மணியோடு டிஎன்ஏ போய்விடும். கார்பாக்சில் மணிகளை மட்டும் கொஞ்சமாக வாங்கி, பாலிஎத்திலீன் கிளைக்கால்-உப்புக் கரைசலை ஆய்வகத்திலேயே தயாரித்துக்கொண்டால் செலவு வெகுவாக இறங்கும். பல ஆய்வகங்கள் அப்படித்தான் ஓட்டுகின்றன.

வேலூர் வெயிலில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். ஏசி இல்லாத அறையில், மே மாதத்தில், கழுவிய மணிகள் காய்வதற்கு நெறிமுறையில் எழுதியிருக்கும் ஐந்து நிமிடம் மிக அதிகம். மணிக்குவியலின் பளபளப்பு மங்கியதுமே பஃபரை விட்டுவிட வேண்டும். வெடித்துக் காய்ந்துவிட்டால் டிஎன்ஏ முழுதாக இறங்காது. 80 விழுக்காடு எத்தனாலையும் அன்றன்று தயாரியுங்கள். திறந்து மூடும் பாட்டிலில் எத்தனால் முன்னால் ஆவியாகி நீர் மிஞ்சும், அந்தக் கழுவலிலேயே டிஎன்ஏ கரைந்து போய்விடும்.

வடிகட்டி, வேக்யூம், பியூட்டனால்

சவ்வு வடிகட்டியில் அரை மில்லிலிட்டரை 20 மைக்ரோலிட்டர் அளவுக்குச் சுருக்கலாம், உப்பையும் மாற்றலாம். ரசாயனம் ஒன்றும் சேராது என்பதால் நீளமான டிஎன்ஏவுக்கு நல்லது. சவ்விலேயே கொஞ்சம் ஒட்டும், பெரிய மூலக்கூறுத் தடுப்பான்களும் கூடவே தங்கும். சுத்தமான மாதிரிக்கு மட்டும்.

வேக்யூமில் உலர்த்துவது எதையும் இழக்காது என்று பலர் நம்புகிறார்கள். டிஎன்ஏ போகாது, சரிதான், ஆனால் உப்பும் போகாது. டிஇ பஃபரில் இடிடிஏ 1 மில்லிமோலார். 500 மைக்ரோலிட்டரை 25 ஆக்கினால் அது 20 மில்லிமோலார். அதில் 2 மைக்ரோலிட்டரை 20 மைக்ரோலிட்டர் பிசிஆரில் விட்டால் இடிடிஏ 2 மில்லிமோலார் ஆகிவிடும், கலவையில் மக்னீசியமோ வழக்கமாக 1.5 மில்லிமோலார். மக்னீசியம் முழுக்க மாட்டிக்கொள்ளும், பிசிஆர் ஓடாது. டிஎன்ஏ முதலிலேயே தண்ணீரிலோ மிகக் குறைந்த இடிடிஏவிலோ இருந்தால் மட்டும் இந்த வழி. முழுதாக உலர விடாதீர்கள், சிறு துண்டுகள் இழை பிரிந்துவிடக்கூடும். பியூட்டனால் சேர்த்து நீரை மட்டும் உறிஞ்சி எடுக்கும் பழைய முறைக்கும் இதே உப்புச் சிக்கல் உண்டு. பெரிய கன அளவை வீழ்படிவுக்கு முன்னால் சுருக்கிக்கொள்ள அது இன்றும் உதவும்.

லித்தியம் குளோரைடு மட்டும் வைத்து ஆர்என்ஏவைப் படியவைப்பது நீர்த்த மாதிரிக்கு ஆகவே ஆகாது. செறிவான ஆர்என்ஏவுக்கான முறை அது.

உங்கள் ஆய்வகத்தில் எது ஜெயிக்கும்?

மேலே சொன்னதெல்லாம் பொது நிலை. உங்கள் மாதிரியில், உங்கள் சென்ட்ரிஃபியூஜில், உங்கள் கையில் எது நல்லது என்பதை ஒரே நாளில் பார்த்துவிடலாம். மாதிரியில் இருக்க வாய்ப்பே இல்லாத ஒரு டிஎன்ஏவை, உதாரணமாக லாம்டா ஃபேஜ் என்ற பாக்டீரியா வைரஸின் துண்டு ஒன்றை, குழிக்குச் சில நூறு பிரதிகள் வரும் அளவுக்கு நீர்த்துக்கொள்ளுங்கள். அதை மூன்று விதமாகப் போட வேண்டும். ஒரு டியூபில் மீட்புக்கு முன்னால் மாதிரியில் கலக்க வேண்டும். இன்னொன்றில் மீட்டு முடித்த பிறகு கலக்க வேண்டும். மூன்றாவதில் வெறும் பஃபரில் கலந்து நேராகப் பிசிஆர் போட வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் வேறுபட்டால் அது தடுப்பானின் வேலை. முதலாவதும் இரண்டாவதும் வேறுபட்டால் அது இழப்பு. ஒரு சுழற்சி தள்ளிப்போனால் பாதி போயிற்று, 3.3 சுழற்சி என்றால் பத்தில் ஒன்பது பங்கு போயிற்று. இரண்டு முறைகளை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினால் விளம்பரத் தாளில் உள்ள விழுக்காடு எதுவும் தேவைப்படாது.

கூடவே மாதிரியே இல்லாத ஒரு வெற்று டியூபையும் முதல் படியிலிருந்து கடைசி வரை அதே கேரியர், அதே கிட்டோடு கொண்டுபோக வேண்டும். நீர்த்த மாதிரியில் வரும் பாசிட்டிவை நம்புவதற்கு வேறு ஆதாரம் கிடையாது.

நம் பகுதியில் அடிக்கடி வரும் சில நிலைமைகளுக்கு நான் என்ன செய்வேன் என்று சொல்லிவிடுகிறேன். ஜெல்லிலிருந்தோ நொதி வினையிலிருந்தோ வந்த 400 மைக்ரோலிட்டர் சுத்த டிஎன்ஏ என்றால் எத்தனால், பாலிஅக்ரிலமைடு, 30 நிமிடச் சுற்று, 15 மைக்ரோலிட்டரில் கரைப்பு. பிளாஸ்மா என்றால் கேரியர் ஆர்என்ஏ சேர்த்த சிறு சவ்வுக் கிட், யோசிக்கவே வேண்டாம், மருத்துவ மாதிரியில் சிக்கனம் பார்ப்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். நகரச் சாக்கடை என்றால் முதலில் நீரைச் செறிவாக்கிவிட்டுத் தடுப்பான் நீக்கும் கிட். எடுத்த பிறகும் செறிவு போதவில்லை என்றால் அந்த 50 மைக்ரோலிட்டரைப் பாலிஅக்ரிலமைடோடு ஒருமுறை வீழ்படிவாக்கி 10 ஆக்கலாம். கிட் சுத்தம் செய்கிறது, ஆல்கஹால் சுருக்குகிறது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்தாமல் அடுத்தடுத்து வைப்பது கல்லூரி நிதிக்கும் தாங்கும், முடிவும் நன்றாக வரும். எத்தனால் அனுமதியே இல்லாத துறை என்றால் ஐசோபுரொப்பனாலில் படியவைத்து, 70 விழுக்காடு ஐசோபுரொப்பனாலிலேயே கழுவி, கூடுதலாகச் சில நிமிடம் காயவிடலாம்.

மீட்டதைச் சேமிக்கும் இடத்திலும் இழப்பு உண்டு. சாதாரண பாலிபுரொப்பிலீன் டியூபின் சுவரில், முக்கியமாக உப்பு அதிகமான கரைசலில், டிஎன்ஏ ஒட்டிக்கொள்ளும். நானோகிராமுக்குக் கீழே இருந்தால் லோ-பைண்ட் டியூப் வாங்கும் செலவு வீண் அல்ல. கரைக்கும் பஃபர் 10 மில்லிமோலார் டிரிஸ், பி.எச். 8, இடிடிஏ 0.1 மில்லிமோலார் போதும். முடிந்தால் பிசிஆரை அன்றே ஓட்டிவிடுங்கள். வைத்துத்தான் ஆகவேண்டுமென்றால் 5 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து உறையவையுங்கள், கரன்ட் போனால் ஃப்ரீசர் உருகி மறுபடி உறையும் அலமாரியில் வேண்டாம்.